காணாமற்போனவளின் கணவன்

ஒரு வீட்டில் பெண்சாதியைக் காணோம் என்றால் ஊர் முதலில் புருஷன் முகத்தைத்தான் பார்க்கிறது. அழுகிறானா, அழவில்லையா? அழுதால், இத்தனை அழுகை எதற்கு என்கிறது. அழாவிட்டால் கல்நெஞ்சன். மூன்றாம் நாள் டீக்கடையில் உட்கார்ந்து வடை தின்றால் தொலைந்தான். இந்தப் பரீட்சையில் தேறிய புருஷனை நான் இதுவரை கண்டதில்லை.

ஊர் இப்படிப் பார்ப்பது முழுக்க அநியாயம் என்றும் சொல்லிவிட முடியாது. 2017-ஆம் வருஷத்துக்கு ஐக்கிய நாடுகள் சபை ஒரு கணக்கு எடுத்தது. அந்த ஒரு வருஷத்தில் உலகம் முழுவதும் வேண்டுமென்றே கொலை செய்யப்பட்ட பெண்கள் ஏறத்தாழ 87,000 பேர். அவர்களில் சுமார் 50,000 பேரைக் கொன்றவர்கள் புருஷன், கூட வாழ்ந்தவன், அல்லது சொந்தக் குடும்பத்தார். திருடனுக்குப் பயந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறோம். ஆபத்து பெரும்பாலும் தாழ்ப்பாளுக்கு உள்பக்கமே இருந்திருக்கிறது. ஆகவே போலீஸ்காரர் முதலில் புருஷனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்பது அவருடைய கடமை. கேட்காமல் விட்டால் அது போனவளுக்குச் செய்கிற துரோகம். என்னை உறுத்துவது இதுவல்ல. சந்தேகம் வந்த இடத்திலேயே மனசு சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறதே, அதை என்ன செய்வது என்பதுதான்.

வெம்பக்கோட்டையில் அகழாய்வு நடந்துகொண்டிருந்த காலத்தில் ஒருநாள் அதைப் பார்க்கப் போயிருந்தேன். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன சீமை அது. வைப்பாற்றங்கரையில், விஜயகரிசல்குளத்துப் பக்கம் இருக்கும் மேட்டில் 2022-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையார் தோண்ட ஆரம்பித்தார்கள். சதுரம் சதுரமாகக் குழி. குழிக்குள் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் உட்கார்ந்துகொண்டு, குழந்தைக்குத் தலை சீவுகிற பதவிசோடு மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். எடுத்த மண்ணைச் சலித்தார்கள். சங்கு வளையல் துண்டு வந்தது. கண்ணாடி மணி வந்தது. உடைந்த சுடுமண் ஓடு வந்தது. ஒவ்வொன்றையும் எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில் என்று எழுதிக்கொண்டார்கள்.

அங்கே நின்ற இளைஞர் ஒருவரிடம் ஒரு வளையல் துண்டைக் காட்டி, "இது யார் போட்டிருந்ததாக இருக்கும், தம்பி?" என்று கேட்டேன். கதைக்காரன் புத்தி.

"தெரியாதுங்க ஐயா. இந்த ஆழத்துல கிடைச்சுது. அதுக்கு மேல சொல்ல முடியாது" என்றார்.

இன்னொரு குழியைக் காட்டி, "இதில் என்ன கிடைத்தது?" என்றேன்.

"ஒண்ணும் கிடைக்கலை. அதையும் எழுதி வைச்சிருக்கோம்."

அந்த மேட்டில் நின்றபோதுதான் எனக்கு எங்கள் ஊர்க் கிணறு ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர் அங்கிருந்து சில மைல் தூரம். கரிசல் காடு, பருத்தியும் கம்பும் மழையை நம்பி விளைகிற பூமி. ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். எனக்குப் பதினொரு வயது இருக்கும். அடுத்த வீட்டில் வண்டிக்கார அண்ணாச்சி ஒருவர் இருந்தார். சிவகாசித் தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு மரம் ஏற்றிக்கொண்டு போவார். (எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மருந்து நெடியில் கட்டை அடுக்கிக்கொண்டிருக்கும் சிறு பெண்ணும் அந்தக் காலத்தில் 'ஆபீஸுக்குப் போறேன்' என்றுதான் சொல்லிவிட்டுப் போவாள்.) அவர் பெண்சாதி வீட்டிலேயே தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டுவாள். மதினி என்று கூப்பிடுவேன். பசையில் ஊறிய விரலால் என் கன்னத்தைக் கிள்ளுவாள், கன்னம் இழுக்கும்.

ஒருநாள் விடிந்து பார்த்தால் மதினியைக் காணோம். திண்ணையில் பசைக் குவளை காய்ந்து கிடந்தது. ஒட்டின பெட்டிகள் ஒருபக்கம், ஒட்டாதவை ஒருபக்கம். அண்ணாச்சி அவள் பிறந்த ஊருக்குப் போய்ப் பார்த்தார், இல்லை என்று திரும்பினார். திரும்பியவர் மாட்டுக்குத் தண்ணி காட்டினார். 'பெண்டாட்டியைக் காணோம், இவன் மாட்டுக்குத் தண்ணி காட்டுறான் பாரு' என்று எதிர்வீட்டுக் கிழவி சொன்னாள். அன்றைக்கே ஊர் தீர்ப்பு எழுதியாயிற்று. சாட்சிதான் பாக்கி.

சாட்சி நான். மூன்றாம் நாள் பெரியவர்கள் கூடியபோது, அடுத்த வீட்டுப் பையன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். "ஏலே, அன்னைக்கு ராத்திரி ஏதாச்சும் சத்தம் கேட்டியா?" என்றார் ஒரு தாத்தா. ஏதோ விழுந்த சத்தம் கேட்டது உண்மை. பனைமட்டை விழுந்த மாதிரி. அப்படித்தான் சொன்னேன். "தண்ணிக்குள்ள விழுந்த மாதிரி இருந்துச்சா?" என்றார். அத்தனை முகமும் என்னைப் பார்த்தது. அதற்கு முன் என் ஆயுளில் பத்துப் பெரியவர்கள் என் வாய்ச்சொல்லுக்காகக் காத்து நின்றதில்லை. அவர்களுக்கு எந்தப் பதில் வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. "ஆமா தாத்தா" என்றேன்.

இரண்டு நாள் கமலை பூட்டிக் கிணற்றை இறைத்தார்கள். பாதாளக் கரண்டி போட்டுத் துழாவினார்கள். ஒரு நசுங்கின வாளியும், யாரோ எப்போதோ தவறவிட்ட வெண்கலச் செம்பும் வந்தன. மதினி வரவில்லை. கிணறு காலி என்று கண்ணால் கண்ட பிறகாவது நான் வாய் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. ஊரும் யோசிக்கவில்லை. "வேற கிணத்துல போட்டிருப்பான்" என்றார்கள். போலீஸார் வந்து அண்ணாச்சியைக் கூட்டிப் போனார்கள். நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தார். வண்டியில் ஏறி உட்கார அவரால் முடியவில்லை. ஒரு மாதத்துக்குள் மாட்டை விற்றார், வண்டியை விற்றார், ஊரைவிட்டுப் போனார். மதினி செத்தாளா, எங்கேயாவது போனாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் பிற்பாடு கதை எழுதிப் பிழைக்க வந்தவன். கதைக்கு ஒரு சட்டம் உண்டு: நாலாம் பக்கத்தில் கிணற்றில் சத்தம் கேட்டால் பத்தாம் பக்கத்தில் பிணம் மிதக்க வேண்டும். மிதக்காவிட்டால் பத்திரிகாசிரியர் கதையைத் திருப்பி அனுப்பிவிடுவார். குற்றத்தைத் துப்பறிகிறவருக்கு இந்தச் சட்டம் விஷம். அவரும் மனுஷன்தான், பொருந்துகிற கதையைக் கண்டால் அவருக்கும் கை பரபரக்கிறது.

கர்நாடகத்தில் குடகு ஜில்லாவில் நடந்ததைப் பாருங்கள். 2020-இல் குஷால்நகர்ப் பக்கத்தில் ஒரு பழங்குடிக் கூலித் தொழிலாளியின் மனைவி காணாமற்போனாள். காணோம் என்று போலீஸில் எழுதிக் கொடுத்தவர் அந்தப் புருஷனேதான். பிற்பாடு பக்கத்து மைசூர் ஜில்லாவில், பெட்டதபுரத்துக் காவல் எல்லையில், ஒரு எலும்புக்கூடு கிடைத்தது. ஒருபக்கம் காணாமற்போன பெண். இன்னொரு பக்கம் பெயர் இல்லாத எலும்பு. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் கதை முடிந்துவிடுகிறதே! தைத்தார்கள். புருஷன்தான் கொன்றான் என்று குற்றப்பத்திரிகை போயிற்று. மனிதர் ஏறத்தாழ இரண்டு வருஷம் ஜெயிலில் கிடந்தார். எலும்பின் மரபணுவைச் சோதித்துப் பார்த்தார்கள். அது அவர் மனைவியுடையதல்ல என்று வந்தது. கிணறு காலி! வழக்கு அப்போதும் கலையவில்லை. அவருக்கு ஜாமீன் கிடைத்தது, விசாரணை தொடர்ந்தது.

2025 ஏப்ரலில் அவருடைய சிநேகிதர்கள் மடிகேரியில் ஒரு ஹோட்டலில் அந்தப் பெண் வேறொருவனோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். மைசூர்க் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தன் இஷ்டப்படி போனதாகவும், சற்றுத் தொலைவில் ஒரு கிராமத்தில் வாழ்ந்துவந்ததாகவும் சொன்னாள். தன்னைக் கொன்ற குற்றத்துக்காகப் புருஷன் ஜெயிலில் இருந்ததே தெரியாது என்றாளாம். அந்த மாதமே அவரை விடுதலை செய்த கோர்ட்டு, ஒரு லட்ச ரூபாய் நஷ்டஈடும் கொடுக்கச் சொல்லிற்று.

இந்தச் செய்தியைப் படித்தவர்கள் எல்லாரும் அந்தப் புருஷனுக்காக இரங்கினார்கள். நானும்தான். ஆனால் என் மனசு அந்த எலும்பைவிட்டு நகர மாட்டேன் என்றது. அது யாருடையது? அதுவும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. அதற்கும் எங்கேயோ ஒரு வீடு, ஒரு திண்ணை, காய்ந்துபோன ஏதோ ஒரு குவளை இருக்கும். தப்பான பெயரை அதன்மேல் ஒட்டிவிட்ட நாளிலிருந்து அதன் சொந்தப் பெயரைத் தேட எவருக்கும் அவசியம் இல்லாமற் போயிற்று. அந்த உயிரைப் போக்கியவன் ஒருவன் இருந்தால், அவன் இத்தனை வருஷமும் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான். தப்பான ஆளைப் பிடித்தால் பிடிபட்டவனுக்கு மட்டும் அநியாயம் என்று நினைக்கிறோம். செத்தவர்களுக்கு நடக்கிற அநியாயம் கணக்கிலேயே வருவதில்லை.

இதைக் கேட்டுவிட்டு, 'அப்படியானால் புருஷன் சொல்வதை நம்பிவிட வேண்டியதுதானா?' என்று ஒருவர் கேட்டால், அவருக்குப் பெங்களூர் ரிச்மண்ட் ரோட்டு வீட்டைக் காட்டுவேன்.

ஷாகிரே கலீலி, மைசூர் சமஸ்தானத்தில் திவானாக இருந்த சர் மிர்ஸா இஸ்மாயிலின் பேத்தி. பெரிய சொத்துக்காரி. ராஜதந்திரியான முதல் கணவரிடமிருந்து விவாகரத்துப் பெற்று, 1986-இல் சிரத்தானந்தா என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு சாமியாரை மணந்தார். 1991 மே மாதக் கடைசிக்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. மகள் கேட்டபோதெல்லாம் சாமியாரிடம் பதில் தயாராக இருந்தது. ஹைதராபாத்துக்குப் போயிருக்கிறாள், ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள், கர்ப்பமாக இருக்கிறாள், அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மகள் அந்த ஆஸ்பத்திரியில் விசாரித்தாள். அப்படி ஒருவர் வரவே இல்லை என்றார்கள். 1992-இல் போலீஸில் புகார் கொடுத்தாள். அதற்கப்புறமும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1994-இல் குற்றப்பிரிவுப் போலீஸார் சாமியாரைப் பிடித்து விசாரித்தார்கள். அவர் காட்டிய இடத்தில், வீட்டின் பின்முற்றத்துக் கல்தளத்தைப் பெயர்த்துத் தோண்டினார்கள். ஒரு மரப்பெட்டிக்குள் அந்த அம்மாள் இருந்தார். அந்தத் தளத்தின் மேலேதான் அவர் மூன்று வருஷம் நடமாடியிருக்கிறார்.

ஏன் இத்தனை காலம்? மறுமணத்தைப் பிடிக்காமல் சுற்றத்தார் பலர் அந்த அம்மாளோடு போக்குவரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். வராதவளை வரவில்லையே என்று தேட ஆள் குறைவு. மேலும் பெரிய வீட்டு அம்மாள் அமெரிக்காவுக்குப் போனாள் என்றால் நம்பும்படியாக இருக்கிறது. சொத்தை நிர்வகிக்கிற அதிகாரப் பத்திரத்தைக் கையில் வைத்திருக்கிற மனிதரை எவரும் நாலு நாள் ஸ்டேஷனில் உட்கார வைப்பதில்லை. கூலிக்காரனின் மனைவி எங்கேயோ உயிரோடு இருப்பாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை; சீமாட்டி செத்திருப்பாள் என்று மகளைத் தவிர அதிகம் பேருக்குத் தோன்றவில்லை. சந்தேகத்துக்கும் ஆள் பார்த்து நடக்கத் தெரிந்திருக்கிறது.

அந்த வழக்கில் கீழ்க்கோர்ட்டு 2005-இல் தூக்குத் தண்டனை கொடுத்தது, ஹைகோர்ட்டும் ஒப்புக்கொண்டது. 2008-இல் சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றி, சாகும்வரை வெளியே விடக்கூடாத ஆயுள் தண்டனையாக்கியது. பெட்டியைத் தோண்டியெடுத்ததைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். கோர்ட்டில் அதுவும் சாட்சியாயிற்று.

நம் சட்டத்தில் இதைப் பற்றி ஒரு நுட்பமான ஏற்பாடு இருக்கிறது. போலீஸாரிடம் ஒருவன் 'நான்தான் கொன்றேன்' என்று சொன்னால் அந்த வாக்குமூலம் செல்லாது. அடியின் வலியில் எதையும் சொல்லுவான் என்பது 1872-இல் சாட்சியச் சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருந்தது. ஆனால் அவன் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்கு நேராகச் சம்பந்தப்பட்ட அளவு பேச்சு மட்டும் செல்லும். பழைய சட்டத்தில் 27-ஆம் பிரிவு. 2024 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்திருக்கும் புதுச் சட்டத்தில் 23-ஆம் பிரிவுக்குள் இருக்கிறது. அதாவது, மனுஷன் சொல்வதை நம்பாதே, போலீஸ்காரர் சொல்வதையும் நம்பாதே. மண் என்ன சொல்கிறது என்று பார். வெம்பக்கோட்டைக் குழியில் அந்தப் பிள்ளையாண்டான் எனக்குச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். மண்ணையும் ஜோடித்து வைக்கலாம் என்பது வேறு விஷயம். ஆளைக் கூட்டிப்போய் அவர்களே புதைத்ததை அவர்களே எடுத்த கதைகள் கோர்ட்டுகளில் நிறைய அடிபட்டிருக்கின்றன.

கதை கட்டும் ஆசை போலீஸ்காரர்களுக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைக்க வேண்டாம். 1952-இல் சென்னையில் பேனா வியாபாரி ஆளவந்தார் காணாமற்போனார். தலையில்லாத உடல் ஒரு டிரங்குப் பெட்டியில், ராமேசுவரம் போகிற இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸில், மானாமதுரையில் அகப்பட்டது. தலை ராயபுரம் கடற்கரையில். பிரபாகர மேனனும் அவர் மனைவி தேவகியும் பம்பாய்க்குப் போய்விட்டார்கள், பிடித்து வந்தார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயர் ஆங்கிலத்தில் கதைகளும் நாடகங்களும் எழுதியவர். அவனுக்கு ஏழு வருஷம், அவளுக்கு மூன்று வருஷம். செத்தவரின் நடத்தை கெட்ட நடத்தை என்பதுதான் அந்நாளில் ஊர்ப்பேச்சு. தண்டனை குறைந்ததற்கும் அதையே காரணமாகச் சொல்லுவார்கள். தீர்ப்பு சரியா தப்பா என்று வாதாட எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒன்று தோன்றுகிறது. காணாமற்போனவரைத் தேடிக்கொண்டு ஒரு மனைவி இருந்தாள். ஊர் அவளுக்குத் திருப்பிக் கொடுத்தது புருஷனுடைய தலையை மட்டுமல்ல, அவனைப் பற்றிய ஒரு கதையையும் கொடுத்தது. அதை அவள் கேட்டாளா?

சரி, கதையே கூடாது என்றால் துப்பறிவது எப்படி? அனுமானம் இல்லாமல் எந்தக் குழியைத் தோண்டுவது? பெங்களூரில் அந்த மகளுக்கும் ஒரு கதை இருந்தது: அம்மா என்னோடு பேசாமல் இத்தனை நாள் இருக்கமாட்டாள். அது வெறும் அனுமானம்தான். ஆனால் அந்த அனுமானம் அவளை ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க அனுப்பிற்று. அங்கே வந்த பதிலைக் காதில் வாங்கிக்கொள்ள வைத்தது. எங்கள் ஊர் கிணற்றை இறைத்ததும் தப்பே இல்லை. அது கேள்விதான், இரண்டு நாள் வியர்வை சிந்திக் கேட்ட நேர்மையான கேள்வி. கிணறு 'இல்லை' என்று சொன்னது. அதை எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அண்ணாச்சியை நான் மறுபடி ஒரு தடவை பார்த்தேன்; அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எனக்கு முப்பது வயதிருக்கும். பத்திரிகைகளில் என் பெயர் வர ஆரம்பித்திருந்தது. சாத்தூர் பஸ் ஸ்டாண்டில், ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு அவர் நின்றுகொண்டிருந்தார். நான் போய் யார் மகன் என்று சொன்னேன். முகம் மலர்ந்தது. டீ வாங்கிக் கொடுத்தார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "அண்ணாச்சி, அன்னைக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"அட, நீ சின்னப் பய. உனக்கு என்ன தெரியும்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேப்பர்ல எழுதுறியாம்ல. நாலு ஊரு போவ. உங்க மதினியப் பத்தி எங்கயாச்சும் கேள்விப்பட்டியா தம்பி?" என்று கேட்டார்.

பஸ்ஸில் நான் அழுதுகொண்டே ஊர் போய்ச் சேர்ந்தேன். இவர் நிரபராதி; இருபது வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்; நான் பாவி. அதை ஒரு கதையாகவும் எழுதினேன். வாசகர்கள் கண்ணீர் விட்டுக் கடிதம் போட்டார்கள். பல வருஷம் அதில் எனக்கு ஒருவித நிம்மதிகூட இருந்தது. ரிச்மண்ட் ரோட்டுச் செய்தியைப் படித்தபோதுதான் அந்த நிம்மதி போயிற்று. அந்த மனிதரும் மூன்று வருஷம் மனைவியை உயிரோடிருப்பவளாகவே வைத்துப் பேசினாரே! ஒரு டம்ளர் டீயையும் ஒரு கேள்வியையும் வைத்துக்கொண்டு நான் அண்ணாச்சிக்கு விடுதலை எழுதிவிட்டேன். பதினொரு வயதில் ஒரு சத்தத்தை வைத்துத் தண்டனை எழுதிக் கொடுத்த அதே வேகம். அவர் நிரபராதி என்றுதான் இப்போதும் என் மனசு சொல்கிறது. மனசு சொல்வதற்கு மேல் என்னிடம் ஒன்றுமில்லை.

எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார், மதினியை எங்கெல்லாம் தேடினார், கடைசியாக அவளோடு என்ன பேசினார் என்று அன்றைக்கு நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வண்டி வந்துருச்சு, வாரேன் தம்பி" என்று டம்ளரை வைத்துவிட்டு, காலை இழுத்து இழுத்துப் போய் ஏறினார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததில் அது எந்த ஊர் பஸ் என்றுகூட நான் பார்க்கவில்லை.